இருநூற்று முப்பத்தொன்று போதும்

இருபது ஓவரில் இருநூற்று முப்பத்தொன்று. மணிவேலின் ஆபீஸ் அணி அதற்குமுன் அவ்வளவு அடித்ததே இல்லை. கொல்கத்தா மைதானத்தின் ஷாமியானா நிழலில் விளையாட்டுச் செயலாளர் சேஷாத்ரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெயித்த பிறகு தரவேண்டிய மிஷ்டி தோய் என்கிற இனிப்புத் தயிரை இடைவேளையிலேயே வரவழைத்து, ஆளுக்கொரு மண்சட்டியாகக் கையில் திணித்துக்கொண்டிருந்தார்.

"கோப்பை நம்மளுதுதான், மணிவேல். திங்கக்கிழமை உன்னைப் பெர்மனன்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன். ஆத்துல சொல்லிடு" என்றார்.

மணிவேல் கிரிக்கெட்டுக்காக எடுக்கப்பட்ட தற்காலிக ஊழியன், சுழற்பந்து வீச்சாளன். வருஷா வருஷம் நீட்டித்து வந்தவர்கள் இந்த மார்ச்சோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். கோப்பை வந்தால் பார்க்கலாம் என்பதுதான் மிச்சமிருந்த ஒரே வழி. கொல்கத்தா துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்த அப்பாவோடு தூத்துக்குடியிலிருந்து சிறுவயதில் வந்தவன் அவன். மனைவி விஜயாவுக்கு இப்போது அதே தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று இன்று மதியம் பள்ளி ஆபீஸ் மூடுவதற்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அவன் போன் செய்தான்.

"என்னங்க, ஸ்கூலுக்கு என்ன சொல்லட்டும்?"

"வரலைன்னு சொல்லிரு. இருநூத்து முப்பத்தொண்ணு அடிச்சிருக்கோம்."

"இப்பல்லாம் எவ்வளவு அடிச்சாலும் திருப்பி அடிச்சிருதாங்களே. டிவில பாக்கீங்கள்லா?"

"அது டிவி. அங்க பவுண்டரியை உள்ள இழுத்து வச்சிருப்பான். இங்க ஓவருக்குப் பன்னெண்டு எவன் அடிப்பான்? நான் இருக்கேம்லா?"

"சரி, சொல்லிருதேன்" என்றாள்.

பந்து போடுகிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. மட்டை பிடிக்கிற எவனும் இந்தக் காலத்தில் இருநூற்று முப்பத்தொன்றை நம்பி ஒரு டீகூட வாங்கித் தரமாட்டான். ஆனால் மணிவேலின் பிழைப்பே எதிராளியின் பதற்றத்தில் நடந்தது. அவன் பந்து அப்படியொன்றும் திரும்பாது. மூன்று பந்து ரன் கொடுக்காமல் போடுவான். அடிக்கிறவனுக்குக் கை பரபரக்கும், ஸ்கோர்போர்டைப் பார்ப்பான், நாலாவது பந்தில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கி வருவான், கேட்ச். பதினைந்து வருஷமாக இப்படித்தான் விக்கெட் எடுத்துக்கொண்டிருந்தான்.

எதிரணி ஹவுராவில் ஒரு தொழிற்சாலையின் பையன்கள். இரண்டு விக்கெட் விழுந்ததும் கேப்டன் இஸ்மாயில் மணிவேலிடம் பந்தைக் கொடுத்தான். மூன்று பந்து போட்டான். ஒரு ரன் கிடையாது. இனி பதறுவான் என்று மணிவேல் நிமிர்ந்து பார்த்தால், மட்டை பிடித்திருந்த பையன் எதிர்முனையில் நின்றவனிடம் சாயங்காலம் எந்த ஃபெரிப் படகில் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தான். ஸ்கோர்போர்டு பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. அடுத்த மூன்று பந்தும் மரங்களுக்குள் போய் விழுந்தன.

அடுத்த ஓவரில் மணிவேல் உயிரைக் கொடுத்து ஒரு பந்தைக் காலடியில் வேகமாகச் செருகினான். அவன் வாழ்நாளில் போட்டதிலேயே நல்ல பந்து அதுதான். பையன் மட்டையைத் திருப்பிப் பிடித்து அதைத் தலைக்குப் பின்னால் தூக்கி அனுப்பிவிட்டு, "பந்து நன்றாக இருந்தது, தாதா" என்று வங்காள மொழியில், அண்ணனைக் கூப்பிடுகிற மரியாதையோடு சொன்னான். அவன் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பயமே தெரியாதவனுக்கு என்ன பந்து போடுவது? மணிவேலுக்கு நிஜமாகவே தெரியவில்லை. மீதி ஓவர்களை, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிறவன் மாதிரி போட்டு முடித்தான்.

ஆட்டம் முடிந்ததும் சேஷாத்ரி அவன் தோளில் கைவைத்தார். நல்ல மனிதர், அதனால் கேட்பதற்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீ நன்னாத்தான் போட்டேப்பா. ஆனா கமிட்டியில கேப்பா. இருக்கறது ஒரே ஒரு போஸ்ட். யார் போட்டாலும் அடிக்கத்தான் போறான், அப்புறம் பௌலர் எதுக்கு, அடிக்கறவனா ஒருத்தனை எடுன்னுடுவா. நான் என்ன பதில் சொல்றது, சொல்லு?"

மணிவேல் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

பாக்கெட்டில் போன் அடித்தது. விஜயா.

"ஸ்கூல்ல சொல்லிட்டேங்க. உடனே வேற ஆளை எடுத்துட்டாங்களாம். போட்டும், நமக்கு இங்கதான்னு ஆயிட்டு. மேட்ச் முடிஞ்சுட்டா?"

"அடிச்சிட்டானுவ, விஜயா."

அவள் கத்திவிட்டால் தேவலாம் என்று இருந்தது அவனுக்கு.

"கடைசி பந்துலயா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவனை எப்படியாவது தேற்றத்தான் கேட்டாள்.

"இல்ல. ஒரு ஓவர் மிச்சம் இருந்துச்சு."

"அப்ப," என்றாள் விஜயா, "நாம கிட்டத்துலகூட இல்லையா?"