காம்பின் மறுமுனை

ஒற்றைக் கையால் ஓட்ட முடிகிற மெஷினாக இருக்க வேண்டும். சங்ககிரியில் பஸ் ஏறியதிலிருந்து கமலவேணிக்கு இந்த ஒரு நினைப்புதான். பக்கத்துச் சீட்டில் அவள் புருசன் கலையரசன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். அவனுடைய இடது சட்டைக் கை மடித்து ஊக்கு குத்தப்பட்டிருந்தது. அந்தக் கை மணிக்கட்டோடு முடிந்துவிட்டது.

ரிக் வண்டியில் சத்தீஸ்கர் போனபோது நடந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் குழாயை இறுக்குகிற இரும்புக்குள் கை மாட்டிக்கொண்டது. வண்டி முதலாளி நஷ்டஈடாகக் கொடுத்ததை வைத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, மம்பட்டிக்கும் கோடாரிக்கும் கருவேலங் காம்பு செய்கிறார்கள். அவன் இழைத்து உருட்டாக்குவான். பிறகு உப்புத்தாளால் தேய்ப்பான். அப்போது காம்பின் மறுமுனையை யாராவது பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பியது அவள்தான். தேய்த்த தூசியெல்லாம் அவள் முகத்துக்கு நேராகத்தான் வந்தது.

போன மாதம் அவளுக்கு மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். "மறுபடியும் தூசிக்குள்ள போய் உக்காந்தீங்கன்னா நான் எழுதிக் குடுக்கற எந்த மருந்தும் வேலைக்கு ஆகாதும்மா" என்று டாக்டரம்மா சொன்னபோது கலையரசனும் பக்கத்தில்தான் நின்றான். "மிசினு ஒண்ணு வாங்கிப்போடலாம் புள்ள, நீ கொட்டாய்க்கே வர வேண்டாம்" என்று அவனாகத்தான் சொன்னான். அதற்காக அவள் கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்தாள். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று தெருக்கோடி சௌந்திரம் சொல்லியிருந்தாள். சன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போகிற வேலை. மெஷின் வந்ததும் வருவதாக இவளும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது கடை. சந்தோஷ்குமார் என்ற தாடிக்காரர் மேசைமேல் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தார்.

முதலாவது பச்சை நிறம். இஸ்திரிப் பெட்டி அளவு. அடியில் உப்புத்தாள் பெல்ட், முன்னால் ஒரு குமிழ், பின்னால் ஒரு பிடி, பக்கவாட்டில் தூசி சேர ஒரு துணிப்பை.

"என்னுங்க இது, தோசை சுடற கல்லாட்டம் இருக்குது" என்றான் கலையரசன்.

"தோசையும் தேய்க்கும்ணா. ஆனா இது பலகைக்கு, கதவுக்குத்தான். காம்புன்னா ஒருத்தர் உருட்டிக் குடுக்கணும், ஒருத்தர் ஓட்டணும்." சந்தோஷ்குமார் இரண்டாவதைத் தட்டினார். "உங்களுக்குச் சரியா வர்றது இந்தச் சின்ன ஸ்டாண்டு மிசினு. மேசையில போல்ட்டு போட்டு முடுக்கிட்டா அது பாட்டுக்கு நிக்கும். பெல்ட்டு ஓடிக்கிட்டே இருக்கும், நீங்க கட்டையைக் கொண்டுபோய்க் காட்டுனாப் போதும். பின்னாடி பைப்பு மாட்டுனா தூசி வெளிய போயிரும். கொஞ்சம் விலை கூட. ஆனா ஆள் ஒண்ணு மிச்சம்."

ஆள் ஒண்ணு மிச்சம் என்றதும் கமலவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இதுக்கே பணம் இருக்குதுங்க" என்றாள்.

"அட இருடி. ஓட்டிப் பாக்காம எப்படி?" என்றான் கலையரசன்.

செய்கிற பொருள் ஒன்றை எடுத்து வரும்படி கடையில் போனிலேயே சொல்லியிருந்தார்கள். அவள் பையிலிருந்து இழைத்த காம்பை எடுத்து நீட்டினாள். சந்தோஷ்குமார் சுவிட்சைப் போட்டார்.

"பயப்படாதீங்கண்ணா."

"தொள்ளாயிரம் அடி பாறையைத் தொளைச்சவன்யா நானு. உன்ற பொம்மைக்குப் பயப்படறனா?"

காம்பின் வாலை இடது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் இடுக்கினான். வலது கையால் மெதுவாக உருட்டி பெல்ட்டில் வைத்தான். முதலில் துள்ளியது. இரண்டாம் தரம் குட்டைக் கையின் நுனியை மேலே வைத்து அழுத்தினான், துள்ளவில்லை. பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, முனைவரைக்கும் கொண்டுபோனான். கமலவேணி காம்பைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தாள். கை போனதற்குப் பின் அந்த முகத்தில் அப்படியொரு களை வந்ததே கிடையாது.

மெஷினை நிறுத்தியதும் சந்தோஷ்குமார் காம்பை வாங்கித் தடவினார். "அண்ணா, நானே இப்படிப் போட மாட்டேன். பில்லு போட்டுரலாமா?"

கலையரசன் சிரித்தான். சிரித்தபடியே அவளைப் பார்த்தான். பார்த்ததும் சிரிப்பு வற்றிப்போனது. நின்றுபோன பெல்ட்டைப் பார்த்தான். ஊக்கு அவிழ்ந்திருந்த சட்டைக் கையை இழுத்து மூடினான்.

"ஒத்தக் கைக்கு நிக்க மாட்டேங்குது. அந்தப் பச்சையவே போடுங்க."

"இப்பத்தானேண்ணா..."

"பச்சையப் போடுங்கன்னனல்ல?"

சந்தோஷ்குமார் கமலவேணியைப் பார்த்தார். அவள் புருசனைச் சுவரோரம் அழைத்துப்போனாள்.

"ஏனுங்க, நல்லாத்தான வந்துச்சு? நான் பாத்தனல்லங்க."

"உனக்கென்ன தெரியும்? அது ஒருத்தன் நின்னு ஓட்டறதுக்குப் பண்ணுனது."

"அதுக்குத்தானுங்க வந்தோம்."

அவன் குட்டைக் கையை வலது கையால் பொத்திக்கொண்டு நின்றான். அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. சத்தீஸ்கர் கதையை அவளிடம் ஒரே ஒரு தரம்தான் சொல்லியிருக்கிறான். கூட இருந்தவர்கள் வண்டிக்கு அந்தப் பக்கம் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். இரும்புக்குள் மாட்டிய கையோடு இவன் கத்தினான், கத்திக்கொண்டே இருந்தான். வண்டியின் காற்றடிக்கிற கம்பரசர் ஓடிய இரைச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, அன்றைக்கு அவள் கையைப் பிடித்தபடியே தூங்கினான்.

அவளுக்கு வேன் நினைவு வந்தது. சன்னலோரச் சீட்டு நினைவு வந்தது. இரண்டையும் ஒதுக்கி வைத்தாள்.

"நான் வேனுக்குப் போகலீங்க" என்றாள். "கொட்டாய் வாசப்படியிலயே உக்காந்துக்கறேன். நீங்க மிசினு ஓட்டி முடிக்கற மட்டும் எங்கயும் நகர மாட்டேன். அந்த ஸ்டாண்டு மிசினே வாங்கிக்கலாமுங்க. தூசி மட்டும் வேண்டாமுங்க எனக்கு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"வாசல்ல இருந்தா சத்தத்துல கேக்காது புள்ள."

அவள் டாக்டரம்மா சொன்னதை எடுத்துச் சொல்லியிருக்கலாம், அவன் கேட்டதுதானே. அவனைத் திட்டியிருக்கலாம். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பி, எதுவும் காதில் விழாதவரைப்போல பெல்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கமலவேணி மேசைக்குப் போய்ப் பணக் கவரைப் பிரித்தாள்.

"பை இருக்குதல்லங்க, தூசி அதுக்குள்ளயே போயிருமுங்களா?"

"பாதிக்குமேல போகும்க்கா" என்றார் சந்தோஷ்குமார். மீதியைப் பற்றி அவர் சொல்லவில்லை.

பஸ்ஸில் பெட்டியை அவள் மடியில் வைத்திருந்தாள். "மிச்சப் பணத்துல உனக்கொரு நல்ல சேலை எடுத்துக்க" என்றான் கலையரசன். கொண்டலாம்பட்டி தாண்டும்போது சௌந்திரத்தின் போன் வந்தது. "வேற ஆளைப் பாத்துக்கக்கா" என்றாள் கமலவேணி. "ஏண்டி, என்னாச்சு?" என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்தது. இருமலோடு போனை வைத்தாள்.

மறுநாளிலிருந்து வேலை நடந்தது. அவன் ஓட்டினான், அவள் மறுமுனையைப் பிடித்து உருட்டினாள். பை பாதியை விழுங்கியது. மீதி, முன்பு கையால் தேய்த்தபோது வந்த தூசியைவிட நைசாக இருந்தது. கொட்டகைக்குள் பனி மாதிரி நின்றது, கீழே இறங்கவே இல்லை. இருமல் வந்தால் கலையரசன் உடனே மெஷினை நிறுத்திவிடுவான். தண்ணீர் மொண்டு கொடுப்பான். முதுகைத் தடவிவிடுவான். இருமல் அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பான். பிறகு, "ஆச்சா சாமி?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சுவிட்சைப் போடுவான்.

காம்பு எடுக்கத் திருச்செங்கோட்டு இரும்புக் கடை அர்த்தநாரி டெம்போவோடு வந்தார். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர், ஒன்றை மட்டும் தனியே உருவினார். சேலத்துக் கடையில் தேய்த்த காம்பு அது. கட்டைவிரலால் நீளத்துக்கும் நீவினார்.

"இதென்னப்பா, இது மட்டும் கண்ணாடியாட்டம் இருக்குது? ஆரு போட்டது இதை?"

கலையரசன் கமலவேணியைப் பார்த்தான். அவள் கருவேலங் கட்டைகள்மேல் சாய்ந்து, மூச்சு மருந்தை உள்ளே இழுத்து அடக்கிக்கொண்டிருந்தாள். அடக்கிய மூச்சை விடாமல் அவளால் ஒரு வார்த்தை பேச முடியாது.

"ரெண்டு பேருந்தானுங்க" என்றான்.

"அப்படீன்னா எல்லாத்தையும் இதாட்டமே போடுங்க சாமி. எம்புட்டு வேணும்னாலும் நான் எடுத்துக்கறேன்."

டெம்போ போனது. கமலவேணி மூச்சை விட்டாள். துண்டை வாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடுத்த காம்பின் மறுமுனையைப் பிடித்தாள்.