சீதன பைக்கின்ட மஞ்சள் லைட்டு

அந்த மஞ்சள் லைட்டு பத்தின நாள்ல இருந்துதான் நான் அந்த ஊட்டுல கள்ளன்ட மகளாப் போனேன்.

பைக் என்ட வாப்பா தந்தது. சீதனத்தோட சேர்த்து, கடையில இருந்து நேராக் கொண்டு வந்து கற்பிட்டியில மாப்புள ஊட்டு முத்தத்துல நிப்பாட்டின புதுச் சாமான். என்ட மாப்புள பாயிஸுக்கு ஆலங்குடாவுல ஹோட்டல் வேல. வழியெல்லாம் காத்து மணல அள்ளிக் கொட்டி வச்சிருக்கும். அதால ஏபிஎஸ் உள்ள பைக்தான் வேணுமெண்டு கேட்டு வாங்கினார். மணல்லயோ ஈரத்துலயோ டக்கெண்டு பிறேக் புடிச்சா சில்லு பூட்டிக்கொள்ளாமக் காப்பாத்துறது அதுதான். அது வேல செய்யாட்டி மீட்டர்ல ஒரு மஞ்சள் லைட்டு பத்தும். பத்திச்சி. என்ட மாமி சாரா உம்மாவும் வாயத் தொறந்தா.

"அகதியள்ற புத்தி போகுமா? பழுதான சாமானத் தலையில கட்டிட்டான்."

அகதியாம்! வாப்பா தொண்ணூறுல புலிகள் வெரட்டி, கட்டின உடுப்போட மன்னாரால வந்தவர், அது உண்ம. ஆனா நான் பொறந்தது புத்தளம் ஆசுபத்திரியில, வளந்தது புத்தளத்துல, இந்தக் களப்புத் தண்ணியத் தவிர வேற தண்ணியக் கண்டதில்ல. அந்த மனுசிக்கு அதெல்லாம் கணக்கில்ல. கறியில உப்புக் கூடினா அகதி. உடுப்புக் காயப் போடப் பிந்தினா அகதி. இப்ப பைக்கும் அகதி பைக்.

"உன்ட வாப்பாவ வேற பைக் கொண்டு வரச் சொல்லு. ஏலாட்டி உன்னக் கூட்டிட்டுப் போகச் சொல்லு" எண்டு விடிஞ்சாப் பொழுதுபட்டா இதே கதை. அந்த ஊட்ட விட்டுப் போறதுக்கு எனக்கு ஒரு கவலையும் இல்ல. ஆனா எனக்குப் பொறகு தங்கச்சி ஸஃப்னா இருக்கா. அவளுக்கு ஒரு இடம் பேசி வந்திருந்த நேரம். மூத்தவளத் திருப்பி அனுப்பிட்டாங்களெண்டு கதை பரவினா எளையவள எவன் கேட்டு வருவான்? அந்தப் புள்ளைக்காகத்தான் நான் பல்லக் கடிச்சிட்டுக் கிடந்தேன்.

முந்தல் ஊருல ஜௌபர் நானாட கராஜ் இருக்கு. பைக்குல குத்திப் பழுத வாசிக்கிற மெஷின் அவருட்டத்தான். நல்ல வேலகாரன், சும்மா சொல்லப்படாது. வாய் மட்டும் ஊத்த வாய். தவ்ஹீத் ஆள் வேற, நூல் கட்டுறதே ஹராம் எண்டுறவர். நூல், தாயத்து ஏதும் வண்டியில கண்டாரெண்டா கட்டரால வெட்டி ஓடையில எறிஞ்சிட்டு, கடைக்கு முன்னால நிக்கிறவங்க எல்லாரும் சிரிக்கிற மாதிரி ஏசுவார்.

பாயிஸ் பைக்கக் கொண்டு போவார். அங்க போனா லைட்டு பத்தாது. ஜௌபர் நானா முந்தல் றோட்டுல ஓடிப் பார்ப்பார், பள்ளத்துல விட்டுப் பார்ப்பார், ஒண்டுமில்ல. மெஷின் மட்டும் முன் சில்லு சென்சர்ல பழுது வந்து போயிருக்கு எண்டு காட்டும். உப்புக் காத்து எண்டு கழுவிக் குடுத்தார். பொறகு வயரோட சேர்த்துப் புது சென்சரும் போட்டார். திரும்பி வந்து ரெண்டு நாள் போகல்ல, லைட்டு பத்திச்சி.

"பாத்தியா? புதுசு போட்டும் நிக்கல்ல. பைக்கே தரித்திரம். வந்தவளும் அப்பிடித்தானே" எண்டா மாமி. பாயிஸ் சோத்தத் திண்டுட்டு எழும்பிப் போனார். அவர் எப்பவும் அப்பிடித்தான். உம்மா பேசக்குள்ள அவருக்குக் காது கேக்காது.

ஒருநாள் எனக்குத் தாங்கேலாமப் போச்சு. "நானும் கராஜுக்கு வாறன். என்ட வாப்பாட பேர் கிடந்து நாறுது" எண்டு பின்னால ஏறிக் குந்திட்டேன். பாலாவி தாண்டினதும் லைட்டு பத்திச்சி. அவர்ட தோளுக்கு மேலால நான் பார்த்துக்கொண்டே வந்தேன், நிக்கவே இல்ல. முந்தலுக்குக் கிட்ட ஒரு தென்னந்தோட்டத்தடியில அவர் பைக்க நிப்பாட்டினார். எறங்கிக் குனிஞ்சார். முன் சில்லப் புடிச்சிருக்கிற குழாயில கட்டியிருந்த கறுப்பு நூல அவுத்து, அதுல தொங்கின தகட்டுக் கூட்டக் களிசான் பொக்கட்டுக்குள்ள போட்டார்.

அது மாமி கட்டினது. பைக் வந்த கையோட லெப்பைட்ட ஓதி எடுத்த இசிம், தாயத்து. கண்ணூறு படாம இருக்கவாம்.

"ஏன் அவுக்கிறீங்க?"

"ஜௌபர் நானா கண்டா வெட்டிருவார். உம்மாக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னே போட்டுருவா. எப்பவும் இதுலதான் அவுக்கிற. போகக்குள்ள கட்டிட்டுப் போவேன்."

பைக்க ஸ்டார்ட் பண்ணினார். கொஞ்சத் தூரம் போனதும் லைட்டு நூந்துட்டு, பொறகு பத்தவே இல்ல.

யா அல்லாஹ்! அந்த நூல்தான்! கராஜுல எறங்கின கையோட எல்லாத்தையும் ஜௌபர் நானாட்டச் சொல்லிட்டேன். அவர் குந்தியிருந்து டோர்ச் அடிச்சுப் பார்த்தார். நூல் கிடந்த இடத்துல சென்சர் வயர் நசுங்கி, தோல் உரிஞ்சி கிடந்தது. வயரையும் சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கு. ஹேண்டில் திரும்பக்குள்ள, பள்ளத்துல சில்லு ஏறி எறங்கக்குள்ள நூல் வயர இழுக்கும், கரண்ட் அறும், லைட்டு பத்தும். அவுத்தா வயர் தளர்ந்து திரும்பத் தொட்டுக்கொள்ளும். பாயிஸ் அவுத்து அவுத்துக் கொண்டு போனா அந்த மனுசனுக்கு என்னண்டு பழுது தெரியும்?

ஜௌபர் நானா எழும்பி நிண்டு கையடிச்சுச் சிரிச்சார். "டேய் பாயிஸ், வருத்தத்த ஊட்டுல வச்சிட்டு மருந்தெடுக்க வந்தவன் நீதான்டா! உம்மாட நூலக் கட்டி நீயே உன்ட பிறேக்கக் கழுத்து நெரிச்சிருக்கிறாய்." அங்க நிண்டவனெல்லாம் சிரிச்சான். பொறகு சிரிப்ப விட்டுட்டுச் சொன்னார், "தம்பி, திரும்பக் கட்டாத. சும்மா ஓடக்குள்ள தெரியாது. மணல்ல ஒருநாள் அவசரத்துக்குப் புடிப்பாய், முன் சில்லு பூட்டும், தூக்கி அடிக்கும்."

வயரச் செய்து தந்தார். எனக்குப் பறக்கிற மாதிரி சந்தோசம். வாப்பாட பேர் கழுவுப்பட்டுட்டு எண்டு நினைச்சேன். மடச்சி!

தென்னந்தோட்டத்தடியில அவர் பைக்க நிப்பாட்டினார். பொக்கட்டுல இருந்து நூல எடுத்தார்.

"என்ன செய்றீங்க? அந்த மனுசன் அவ்வளவு சொன்னாரே!"

"நாலு பேருக்கு முன்னால என்ட மானத்த வாங்கிட்டாய். வாயப் பொத்திட்டு இரு" எண்டார். கட்டினார், அதே இடத்துல.

வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு வாப்பா வந்தார். மாமிதான் வரச் சொல்லிப் போன் பண்ணியிருந்தா. என்ட வாப்பா முத்தலிபு எண்டா புத்தளத்துல நாலு பேர் எழும்பி நிண்டு சலாம் சொல்லுவாங்க. அப்பிடிப்பட்ட மனுசன இவ கதிர குடுக்காம முத்தத்துல நிக்க வச்சா. லைட்டு திரும்பவும் பத்தத் தொடங்கியிருந்தது.

"வேற பைக் வாற நாள்ல இவளும் வரட்டும் நானா. அதுவரைக்கும் உங்களோட வச்சிருங்க" எண்டா.

நான் விடல்ல. எல்லாத்தையும் சொன்னேன். நூல், வயர், தென்னந்தோட்டம், ஜௌபர் நானா, எல்லாம். மாமி தலையிலடிச்சா. "அகதி நாய்! என்ட இசிமுலயா குத்தம் கண்டாய்? என்ட மகன் நான் கட்டினத அவுப்பானா?"

வாப்பா பாயிஸ்ட முகத்தப் பார்த்தார். "மகன், நீங்க அவுத்தீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

ஒரு வார்த்த. ஓம் எண்டா போதும். ஸஃப்னாட கலியாணம் அந்த வார்த்தயிலதான் தொங்கிட்டு நிண்டிச்சி.

அவர் உம்மாவப் பார்த்தார். "வல்லாஹி, நான் அவுக்கவே இல்ல. அது கட்டினதுல இருந்து அப்பிடியேதான் கிடக்கு."

பள்ளியால வந்த தொப்பி தலையில இருக்கு, அல்லாஹ்ட பேரச் சொல்லிப் பொய் சொல்றார். வாப்பா என்ட கையப் புடிச்சு, "வா மகள்" எண்டார். நான் உள்ளுக்குப் போய் உடுப்புப் பேக்கத் தூக்கிட்டு முத்தத்துக்கு வந்தேன்.

மாமிக்கு இன்னும் ஆறல்ல. "இவள்ற கண்ணுதான் பட்டிருக்கு" எண்டு சொல்லிட்டு உள்ளுக்குப் போய் நைலோன் நூல் கொண்டு வந்தா. பைக்கடியில குந்தி, பழைய நூலுக்கு மேலால சுத்திச் சுத்தி இறுக்கினா, முடிச்ச நெருப்புக்குச்சி தட்டி உருக்கினா. "இனி ஒரு பேய் பிசாசாலயும் அவுக்கேலா. பின்னேரம் பின்னேரம் வந்து பாப்பேன், ஒரு இழை அறுந்திருக்கப்படாது. விளங்கிச்சா மகன்?"

அவருக்கு ஹோட்டலுக்குப் போற நேரம். ஹெல்மெட்டக் கையில வச்சிட்டு நிண்டார், முகம் வெளிறிப் போய். வெளியில காத்து மணல வாரி அடிக்குது. என்னப் பார்த்தார். நீயாவது சொல்லித் தடு எண்டு கெஞ்சுற பார்வ.

நான் மாமிக்குப் பக்கத்துல போய்க் குனிஞ்சி பார்த்தேன்.

"இன்னும் ஒரு முடிச்சுப் போடுங்க மாமி" எண்டேன்.