போனிலும் முடியாது

மார்ச் 18, புதன்.

போன வாரம் செய்த ஒரு சிறு தவறு இன்றுதான் தெரிய வந்தது. சிறியது என்று எழுதியது சரியா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அட்லாண்டிக் சிட்டி மாநில அலுவலகத்தில், சூதாட்டத்திலிருந்து தங்களைத் தாங்களே விலக்கிக்கொள்ள வருபவர்களிடம் கையெழுத்து வாங்குவது என் வேலை. படம் எடுப்பேன், விதிகளை வாசித்துக் காட்டுவேன். கையெழுத்திட்டவர் பெயர் விலக்குப் பட்டியலில் ஏறும்; இந்த மாநிலத்தின் எந்தச் சூதாட்ட விடுதியும், மாநில அனுமதி பெற்ற எந்தப் பந்தயச் செயலியும் அவரை உள்ளே விடாது. போன வாரம் டாரில் வீம்ஸ் வந்தார். பசிபிக் அவென்யூவில் சிற்றுந்து ஓட்டுபவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வீடு திரும்புவேன் என்று மனைவி லோரெட்டா தன் அக்கா வீட்டில் இருந்தாள். பேனாவை எடுத்தவர், இனி பந்தயம் கட்டப் போனிலும் முடியாதா என்று கேட்டார். போனிலும் முடியாது என்றேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வது வழக்கம்.

இன்று காலை மறுபடி வந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனை என் மேசைமேல் வைத்தார். திரையில் ஒரு செயலி, அதில் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம். எந்த அணி ஜெயிக்கும் என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

“இது பந்தயம் இல்லையாம்மா, ஒப்பந்தமாம். கோதுமை விலைக்குப் போடுற மாதிரியாம். பேரைக் கேட்டான், உள்ள விட்டுட்டான்.”

என் மேலாளர் ரோசான் காபிக் கோப்பையோடு வந்து விளக்கினார். அந்தச் செயலியை நடத்தும் நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது வாஷிங்டனிலுள்ள மத்திய ஆணையம். நிறுத்தச் சொல்லி நாம் கடிதம் அனுப்பினோம். அவர்கள் மத்திய நீதிமன்றத்துக்குப் போய், வழக்கு முடியும்வரை நம் கையைக் கட்டிவிட்டார்கள். நம் பட்டியலைப் பார்க்கும் கடமை அவர்களுக்கு இல்லை.

வீம்ஸ் ரோசானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“அவ ஞாயித்துக்கிழமைதாம்மா வந்தா. நீங்க சொன்னதைத்தான் அவகிட்ட சொன்னேன். இப்ப என்ன சொல்லட்டும்?”

இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. கேம்டனில் மாலை நேரச் சட்ட வகுப்பில் ஒரு மாதமாக இதையேதான் படிக்கிறேன். வகுப்பில் தெரிந்தது மேசையில் ஏன் நினைவுக்கு வரவில்லை என்று பேருந்தில் யோசித்தேன்.

மாலையில் வகுப்பில் மாதிரி நீதிமன்றப் பயிற்சி, இதே மாதிரி ஒரு நிறுவனத்தின் வழக்கு. சீட்டுக் குலுக்கலில் முன்பே எனக்கு விழுந்திருந்தது நிறுவனத்தின் பக்கம். மாற்றித் தரும்படி கேட்டிருக்கலாம். நன்றாகத் தயாரித்திருந்ததால் கேட்கவில்லை. ஒவ்வொரு மாநிலமும் ஒரு விதி போட்டால் தேசியச் சந்தை நடக்காது, மத்திய ஆணையத்திடம் விடப்பட்ட இடத்தில் மாநிலத்துக்கு வேலையில்லை என்று வாதாடினேன். எதிர்த்தரப்பு மால்கம், தங்களை விலக்கிக்கொண்டவர்களின் கதி என்ன என்று கேட்டான்.

“அவங்களை யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலையே,” என்றேன்.

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் முகம் சுட்டது.

சட்டப்படி என் வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனால் போனிலும் முடியாது என்று வீம்ஸிடம் சொன்னது நான்.

நாளை வேலைக்கு முன் சிற்றுந்து நிறுத்தத்துக்குப் போக வேண்டும். தவறாகச் சொன்னது நான்தான் என்று அவரிடமும், அவர் சம்மதித்தால் லோரெட்டாவிடமும் சொல்ல வேண்டும். அந்தச் செயலியில் தன் கணக்கைத் தானே பூட்டிக்கொள்ள வழி இருக்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து தேட வேண்டும்.