டாக்டரம்மா சொன்ன பொய்

ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டாக்டர் திரிபுரசுந்தரியின் கிளினிக். 1989 மார்ச்சில் ஒரு மாலை, கோவிலம்பாக்கத்திலிருந்து ஜெயக்கொடி வந்தாள். இருபது வயது, பளு தூக்கும் பெண். சின்ன வயதிலிருந்தே காய்ச்சல், தலைவலி எதுவானாலும் அவளுக்கு இந்த டாக்டரம்மாதான்.

கைக்குட்டையைப் பிரித்து, நாலைந்து ரோஸ் மாத்திரைகளை மேசைமேல் வைத்தாள்.

"எங்க கோச் தேவானந்தம் மாஸ்டர் குடுத்தாரு. இத போட்டுகினா சதை புடிக்கும், வெயிட் ஏறும்ன்றாரு. நெசமா டாக்டரம்மா? நீங்க வேணான்னா தூக்கிப் போட்டுர்றேன்."

ஸ்டீராய்டு என்று டாக்டருக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவர் படித்த காலத்துப் புத்தகத்தில், விளையாட்டுக்காரர்களுக்கு அதனால் பலம் கூடாது என்றுதான் இருந்தது. சமீபத்தில் படித்த கட்டுரைகள் வேறு மாதிரி சொல்லின. பலம் கூடும், ஈரலும் கெடும். இரண்டையும் சொன்னால் முதலாவது மட்டும்தான் இவள் காதில் விழும் என்று பயந்தார்.

"ஒண்ணும் ஏறாதும்மா. உடம்புல தண்ணி கோத்துக்கும், அவ்வளவுதான். சுண்ணாம்பைத் தின்னா என்ன பலமோ அதுதான் இதுலயும்" என்றார்.

ஜெயக்கொடி சிரித்துக்கொண்டே மாத்திரைகளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனாள். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டதாக அன்று டாக்டருக்கு நிம்மதி.

ஆறு மாதம் கழித்து அவள் லட்டு டப்பாவோடு வந்து நின்றாள். மாநிலப் போட்டியில் தங்கம். தோள்கள் அகன்றிருந்தன. அவள் பேசியதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். குரல் கட்டையாகியிருந்தது.

"கூட தூக்கற மெட்டில்டா அந்த மாத்திரைய போட்டுகினு ரெண்டே மாசத்துல எங்கியோ போய்ட்டா டாக்டரம்மா. அப்பால நானும் போட்டேன். பதினஞ்சு கிலோ ஏறிச்சு. நீங்க இன்னாடான்னா சுண்ணாம்புன்னீங்க."

டாக்டர் அவளை உட்காரவைத்து விசாரித்தார். நாலு மாதமாக மாதவிலக்கு இல்லை. மோவாயில் முடி அரும்பியிருந்தது.

"ஜெயக்கொடி, உடனே நிறுத்து. ஈரல்ல கட்டி வரும். இந்தக் குரல் திரும்பாமலே போயிடலாம். விளையாட்டுக்குச் சொல்லலை."

"அன்னிக்கு ஒண்ணுமே ஆவாதுன்னீங்களே?"

"அன்னிக்குச் சொன்னது பொய்ம்மா. நீ போட்டுக்கக் கூடாதேன்னு சொன்னேன்."

அவள் எழுந்து நின்றாள். முகத்தில் கோபமில்லை, ஒரு விலகல் இருந்தது.

"இதுவும் நான் போட்டுக்கக் கூடாதுன்னு சொல்றதுதானே? மாஸ்டர் வெயிட் ஏறும்னாரு, ஏறிச்சு. டாக்டருங்க பயம் காட்டுவாங்கன்னாரு, நீங்க காட்டறீங்க. நான் யார நம்பறது?"

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு எழுதி நீட்டினார். அதை அவள் மேசையிலேயே விட்டுப் போனாள். அதன் பிறகு கிளினிக் பக்கம் வரவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்த செய்தியும் பிறர் சொல்லித்தான் தெரிந்தது. டாக்டர் இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போனார். அவள் பிராக்டிஸுக்குப் போயிருப்பதாகவே சொன்னார்கள்.

1992 மே மாதம் ஒரு காலையில், ஆட்டோவில் அவளைத் தூக்கி வந்தாள் தாய் கிளியம்மாள். பிராக்டிஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்தாள் ஜெயக்கொடி. கண்கள் மஞ்சளாயிருந்தன. வயிறு விறைத்திருந்தது. டாக்டரும் அதே ஆட்டோவில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஈரலில் கட்டி வெடித்து ரத்தம் உள்ளேயே கொட்டுகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

வழியில் ஒருமுறை ஜெயக்கொடி கண் திறந்தாள்.

"நெசமாத்தான் சொன்னீங்களா டாக்டரம்மா?" அந்தக் கட்டைக் குரல் மூச்சு வாங்கியது.

"ஆமாம்மா."

மூன்றாம் நாள் மத்தியானம் உயிர் பிரிந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு டாக்டர் கோவிலம்பாக்கம் போனார். கிளியம்மாள் அழுது அழுது வற்றியிருந்தாள்.

"நீ சொன்னா கேப்பாளேம்மா. ஏன் சொல்லாம வுட்ட?"

சொன்னேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். முதலில் சொன்ன பொய்யையும், பிறகு சொன்ன உண்மையை அவள் நம்பாததையும்.

கிளியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "எம் பொண்ணு நல்லா இருக்கணும்னுதானேம்மா சொன்ன" என்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. அந்தக் கையை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல், அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.