ஜெப்சன் பார்த்துக்கொண்டிருந்தான்

இரணியல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஸ்மைலினின் வீடு. கணவன் ஜெப்சன் குவைத்தில் வேலை பார்த்தான். போன விடுமுறைக்கு வந்தவன் வாசலில் ஒன்றும் கூடத்தில் ஒன்றுமாகக் கேமரா மாட்டிவிட்டுப் போனான். அங்கிருந்தே போனில் வீட்டைப் பார்க்கலாம். பேசினால் இங்கே கேட்கும்.

"நீ தனியா கெடக்கல்லா, எனக்கொரு சமாதானம்" என்றான்.

பக்கத்து வீட்டுச் சத்தியபாய் மத்தியானங்களில் வருவாள். இருவரும் கூடத்தில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே பேசுவார்கள். ஒருநாள் அவள் தன் மருமகளைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டிருக்கையில் சுவரிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சத்தியக்கா, முழுசும் சொல்லுங்க. நானும் கேக்கேன்."

சத்தியபாய் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். அதன்பிறகு அவள் வரவில்லை. வாசலில் யார் நின்றாலும் "யாரு, என்ன வேணும்?" என்று கேமரா கேட்கத் தொடங்கியதும், மற்றவர்களும் அந்த வீட்டைக் கடக்கையில் நடையை எட்டிப் போட்டார்கள்.

ஸ்மைலின் கிணற்றடியில் கொஞ்சம் உட்கார்ந்தால் போன் அடிக்கும்.

"ஏட்டி, எங்க போன? காணல்லியே."

"துணி துவைக்கேன்."

"இவ்வளவு நேரமா?"

அவள் கூடத்திலேயே இருக்கப் பழகினாள்.

ஜூலை மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒருநாள் காலையில் தண்ணீர் எடுக்க எழுந்தவள் கூடத்து நடுவில் விழுந்தாள். வேலையிடத்தில் போனைத் திறந்த ஜெப்சன் அவள் கிடப்பதைக் கண்டான்.

"ஸ்மைலி! ஏட்டி, எந்திரி!"

அசைவில்லை. களியக்காவிளையிலிருந்த தம்பியை அழைத்தான். அவன் வந்துசேர நேரமாகும். சத்தியபாயின் எண் அவனிடம் இல்லை. வாசல் கேமரா வழியாகக் கத்தினான். பால்காரர் கடந்து போனார். குடை பிடித்த இரண்டு பெண்கள் போனார்கள். மழையில் சொல் தெளியவில்லை. அந்த வீட்டுக் குரல் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் திரும்பவில்லை.

கடைசியில் சத்தியபாய் கேட்டருகே வந்தாள். திறந்த கதவு வழியே ஸ்மைலின் கிடப்பது தெரிந்தது. ஓடிவந்தவள் படியில் கால் வைக்காமல் நின்று கேமராவை அண்ணாந்து பார்த்தாள்.

"தம்பி, நான் உள்ள வரலாமா?"

"வாங்கக்கா."

ஸ்மைலின் பிழைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை ஆட்டோவில் கூட்டிவந்த சத்தியபாய் வாசலோடு திரும்பிவிட்டாள். மறுநாள் ஜெப்சன் ஏற்பாடு செய்த ஆள் இரண்டு பெட்டிகளோடு வந்தான். அடுக்களைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று.

"இனி பயமில்ல, பாத்தியா?" என்றது சுவர்.

"ஆமா" என்றாள் ஸ்மைலின். வந்தவன் சுவரில் துளை போடும்வரை அவள்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.