நூற்றுப் பதினான்காம் பக்கம்

ஆவிகளோடு சண்டை போடும் அந்த ஜப்பானிய மங்கா படக்கதையைப் பற்றி என் கருத்தை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: பதினோரு புத்தகம், பதினோரு கட்டடம் தரைமட்டம். லிப்ட் பழுது பார்க்கும் ஒருவன், நின்றுபோன லிப்டுகளில் குடியிருக்கும் ஆவிகளோடு மல்லுக்கு நிற்கிறான். முதலில் ஆவி ஜெயிக்கும், பிறகு அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுவான், பிறகு கட்டடம் விழும். செத்தவர்களை மறுபடி அடிப்பதில் என்ன வீரம் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆனால் எனக்குச் சோறு போட்டது அந்த ஆவிகள்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

படங்களில் பேச்சுக்காக வரைந்திருக்கும் பலூன்களுக்குள் தமிழ் வசனத்தை நிரப்புவது என் வேலை. மொழிபெயர்ப்பது அத்தான், அதாவது என் அக்காவின் கணவர். மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வசனங்களைத் தருவார். நான் வலது ஓரத்தில் தொடங்கி வரிசையாக நிரப்புவேன். கடைசிப் பிரதியை அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சுக்குப் போகும். அதன்பின் பிழை வந்தால் பழி கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும்.

பன்னிரண்டாம் புத்தகம் வந்தபோது அக்கா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான் வேலைக்கு வந்தேன். அத்தானும் வந்துவிட்டார். எங்கள் மேசைகள் எதிரெதிரே. கமா வேண்டுமா, வேண்டாமா என்று பேசிக்கொண்டோம். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் புத்தகத்தில் ஆவி, நாயகனுடைய தங்கை. பக்கம் நூற்றுப் பதினான்கு முழுக்கக் கறுப்பு. லிப்டில் விளக்கு அணைந்துவிட்டது, முகம் தெரியாது, இரண்டே பலூன்கள். அண்ணன் பேச்சு தடித்த எழுத்தில், ஆவியின் பேச்சு மெலிந்த எழுத்தில். அண்ணன் கேட்கிறான்: "வலிக்குதா?" தங்கை சொல்கிறாள்: "இல்ல. நீ போ." அடுத்த பக்கத்தில் கதவு திறக்கிறது. உள்ளே அவள் இல்லை.

நான் அந்தப் பக்கத்தில் மட்டும் இடதுபுறத்திலிருந்து நிரப்பிவிட்டேன். பிறந்ததிலிருந்து இடமிருந்து வலமாகப் படித்த கை, கொஞ்சம் அசந்ததும் தன் வழியில் போய்விட்டது. ஆக, எங்கள் பதிப்பில் தங்கை முதலில் "இல்ல. நீ போ" என்கிறாள். அதற்குப் பிறகு அண்ணன் "வலிக்குதா?" என்று கேட்கிறான். பதில் இல்லை.

புத்தகம் வெளிவந்ததும் வாசகர்கள் உருகிவிட்டார்கள். 'ஆவிகளுக்குக் காலம் பின்னோக்கி ஓடும் என்பதைக் கதாசிரியர் ஒரே பக்கத்தில் காட்டிவிட்டார்' என்று ஒருவர் எழுதினார். 'அவள் போய்விட்டது தெரியாமல் கேட்கிறான் பாருங்கள், மூன்று நாளாகத் தூக்கம் இல்லை' என்று இன்னொருவர். எதைப் படித்தாலும் குறை சொல்வதால் பல்வலி என்று பேர் வாங்கிய விமர்சகர் ஒருவர் உண்டு. அவர்கூட, 'பதினோரு புத்தகமாகக் குத்திக்கொண்டே இருந்த தொடர் முதல்முறையாக வாயடைத்து நிற்கிறது' என்று எழுதினார். எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. நம் மரமண்டைக்குத்தான் இந்த மங்கா ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு யாரோ ஒரு புண்ணியவான் மூலப் புத்தகத்தின் பக்கத்தையும் எங்கள் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படம் போட்டுவிட்டார். அப்போதுதான் என் கை செய்தது எனக்கே தெரிந்தது. பல்வலி மட்டும் அசரவில்லை. 'அப்படியானால் இந்தத் தொடரின் ஒரே நல்ல காட்சி அச்சுப் பிழைதான்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

பதிப்பாசிரியர் அம்மாவின் அறைக்கு நானே போனேன்.

"மேடம், அது நான் பண்ண தப்பு. பலூனை மாத்தி நிரப்பிட்டேன்."

"நீ நிரப்புவே, தப்பும் பண்ணுவே. அதைப் பிடிக்கத்தானே அவர் இருக்கார்? மூலப் பதிப்பகத்துக்கு நான் பதில் சொல்லணும். கையெழுத்து யாரோடது?"

"அவர் நிலைமை உங்களுக்கே தெரியும், மேடம்."

"தெரியும்மா. அதுக்காகக் கையெழுத்து மாறிடுமா? கவனம் சிதறிடுச்சுன்னா அடுத்த புத்தகத்தை வேற ஆள்கிட்டதான் குடுக்கணும்."

அத்தானுக்கு மிஞ்சியிருந்தது அந்த வேலை ஒன்றுதான். பிள்ளை குட்டி இல்லை. காலையில் எழுந்து போவதற்கு அந்த மேசையை விட்டால் அவருக்கு வேறு இடமில்லை. என் கை செய்த தப்பு அவர் தலையில் விடிகிறதே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அவர் எதிரில் போய் நின்றேன்.

"அத்தான், நூத்திப் பதினாலு. என்னாலதான். நீங்களும் கவனிக்காம விட்டுட்டீங்க. நான் இன்னொரு தடவை மேடம்கிட்ட பேசறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கவனிச்சேன்."

"என்னது?"

"அன்னைக்கே பாத்தேன். வரிசை மாறியிருக்குன்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இத்தனை நாள் ஊரே பேசுகிறது, இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லையே.

"ஏன் அத்தான்?"

"உங்கக்கா கடைசி நாள் என்னைப் பாத்து, 'நீங்க போய் ஒரு வாய் சாப்பிட்டு வாங்க'ன்னா. போனேன். திரும்பி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, வலிக்குதான்னு கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன். அப்பறம்தான் நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டாங்க." மேசையில் இருந்த பென்சிலை நேராக வைத்தார். "நீ அனுப்பின பக்கத்தைப் பாத்ததும் திருத்த மனசு வரல, சின்னவளே. இப்படித்தானே நடந்துச்சுன்னு தோணிச்சு."

நான் அழுதேன். அலுவலகத்தில் நான்கு பேர் பார்க்க அழுதேன், வெட்கமாகவே இல்லை. அவர் அழவில்லை. எழுந்து பதிப்பாசிரியர் அறைக்குப் போய், தெரிந்தேதான் விட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். காரணத்தைச் சொல்லவில்லையாம். அடுத்த புத்தகம் வேறு மொழிபெயர்ப்பாளருக்குப் போனது. பன்னிரண்டின் மறுபதிப்பைத் திருத்திக் கொடுப்பதோடு இந்தத் தொடரில் அவர் வேலை முடிந்தது.

மறுபதிப்புக்காக நான் இரண்டு பலூன்களையும் இடம் மாற்றினேன். அரை நிமிட வேலை. அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். கையெழுத்துப் போட்டு நகர்த்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கறுப்புப் பக்கத்தை வலமிருந்து இடமாக விரல் வைத்துப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இப்ப பதில் சொல்றா" என்றார்.

பேனாவைத் தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன்.