வேலுக்குக் கறுப்புக் கிளிப்

வேலில் நான் ஏற்றிய முதல் நிக்கல் பூச்சு, அழகேசன் அங்கிள் நகத்தால் கீறியதுமே உரிந்து வந்தது.

"இதானா உன் பேக்டரி வேலை? மீன் செதில் மாதிரி வருது லா."

அவர் எங்கள் எஸ்டேட் முருகன் கோயிலின் தலைவர். சாயங்காலம் ரதம் கிளம்பும். அதற்குள் பழைய இரும்பு வேல் பளபளக்காவிட்டால் அதை ஆற்றில் விட்டுவிட்டு, கிள்ளான் டவுனில் வாங்கிய புது வேலை ரதத்தில் கட்டுவதாக முடிவு. பழைய வேல் புனிதவதி அக்காவின் அப்பா நேர்ந்துகொண்டு செய்து கொடுத்தது. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் உரக்கச் சண்டை போட்டு அதற்கு ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தார் அக்கா.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். புக்கிட் பெருந்துங்கில் முலாம் பூசும் தொழிற்சாலையில் இரவு வேலை. அக்கா கேட்டதால் தூங்காமல் நேராகக் கோயில் கொட்டகைக்கு வந்திருந்தேன்.

துருதான் காரணம். இரும்பு தன் எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் கொடுத்து, அதனோடு பிணைந்து துருவாகிவிடுகிறது. நான் மேலே தேய்த்துவிட்டேன். சின்னச் சின்னக் குழிகளுக்குள் துரு அப்படியே இருந்தது. துருவின் மேல் நிக்கல் ஒட்டாது.

உரிந்ததைச் சுரண்டி, மறுபடி தேய்த்து, வேலை வாளியில் இறக்கினேன். உள்ளே பச்சை நிறத்தில் நிக்கல் குளோரைடு, கொஞ்சம் ஆசிட். நிக்கல் அணு இரண்டு எலக்ட்ரான்களை விடும். இரண்டு குளோரின் அணுக்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதுதான் அந்த உப்பு. தண்ணீரில் கரைந்ததும் எல்லாம் அயனிகளாகப் பிரிந்து அலையும். நிக்கல் அயனிக்கு அந்த இரண்டு எலக்ட்ரான்களும் கிடைத்தால் மறுபடி உலோகமாகி வேலின் மேல் உட்கார்ந்துவிடும். எலக்ட்ரான் வருவது நான் கொண்டுவந்திருந்த மின்பெட்டியின் கறுப்புக் கிளிப்பிலிருந்து, அதாவது எதிர்முனையிலிருந்து. அதனால் கறுப்பை வேலில் மாட்டினேன், சிவப்பை நிக்கல் தகட்டில்.

முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் கிளிப்புகள் இடம் மாறியிருந்தன. பக்கத்தில் புனிதவதி அக்கா, கையெல்லாம் குங்குமம்.

"யாருக்கா மாத்துனது?"

"நான்தான். கறுப்பையாடா சாமி மேல மாட்டுவ? செவப்புதான் மங்களம்."

"ஐயோ அக்கா! செவப்பு எலக்ட்ரானப் புடுங்குது! இரும்பு அயனியா கழண்டு தண்ணிக்குள்ள போகுது. சும்மா விட்டா வேல் கரைஞ்சிடும்!"

"கரையுதா?" அவர் முகம் வெளுத்தது. "எங்கப்பா வேலுடா!"

பிடுங்கித் தண்ணீரில் அலசினேன். தேய்த்து வந்த பளபளப்பு துளியும் இல்லை. வேல் முழுக்க மங்கிய சாம்பல் நிறம். வெளிச்சத்தில் திருப்பினேன். குழிகளைப் பார்த்தேன்.

துரு இல்லை! ஒரு புள்ளிகூட இல்லை. மேல்தோல் கரைந்தபோது துருவையும் கழற்றிக்கொண்டு போயிருந்தது.

தொழிற்சாலையில் முதல் தொட்டிக்காரன் கொஞ்ச நேரம் கிளிப்புகளை இப்படித்தான் இடம் மாற்றி மாட்டுவான். வேலை தெரியாதவன் என்று அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன். என் தொட்டி கடைசித் தொட்டி; அவன் துருவைக் கழற்றுகிறான் என்று இப்போதுதான் புரிந்தது.

"அக்கா, கெடுக்கல நீங்க! சுத்தம் பண்ணிட்டீங்க! இப்ப கறுப்பு மாட்டணும், உடனே. காத்து பட்டா மறுபடி துரு பிடிக்கும்."

"கறுப்பு கூடாது."

"அக்கா!"

ஒரு கணம் யோசித்தார். கறுப்புக் கிளிப்பைப் பிடுங்கி அதன் முதுகில் குங்குமத்தை அப்பினார். "இப்ப மாட்டு. கரண்டு வருமா?"

"கிளிப்போட பல்லுல பூசாத வரைக்கும் வரும்."

மாட்டினேன். சாம்பல் நிறத்தின் மேல் வெள்ளை ஏறியது. முதலில் முனை, பிறகு இலை, பிறகு தண்டு. இரண்டு பேரும் வாளிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஏறுதுடா, ஏறுதுடா!" என்று என் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தார்.

அழகேசன் அங்கிள் வந்தபோது வேலை வெளியே எடுத்தேன். நகத்தால் கீறினார். பூச்சு உரியவில்லை. கார் சாவியால் கீறினார்.

"தலைவரே, சாமி வேலு லா அது! கார் கதவா?" என்று பாய்ந்தார் அக்கா.

சாவி வழுக்கியது. அங்கிள் இன்னொரு முறை முயன்றார். பிறகு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கட்டுங்க," என்றார்.

புனிதவதி அக்கா வேலை என் கையிலிருந்து பிடுங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரதத்தை நோக்கி ஓடினார். ரதத்தருகே நின்ற பெண்கள் குலவையிட்டார்கள்.

"அக்கா, நில்லுங்க! இன்னும் கழுவல! ஆசிட்டு இருக்கு!"

அவர் காதில் விழவில்லை. ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு நானும் ஓடினேன்.